கிரேனின் வலது தோள்

பேருந்தில் இடம் காலியாக இருந்தும் கிரேன் உட்காரவில்லை. கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒரு நிறுத்தம் வருவதற்குள் நாலு தடவை காலை மாற்றி ஊன்றினான். பக்கத்தில் நின்ற பெரியவர், "தம்பி, அவசரமா இறங்கணுமா?" என்றுகூடக் கேட்டுவிட்டார். அவசரம் ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் தோள் பேச ஆரம்பித்துவிடும். அசைந்துகொண்டே இருந்தால் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். ஒரு மாதமாக அவன் உட்கார்ந்து சாப்பிட்டது பாதி, நின்றுகொண்டு சாப்பிட்டது பாதி.

கிரேன் என்பது நடனக் குழுவில் அவனுக்கு விழுந்த பெயர். முப்பத்தாறு பேர் கொண்ட குழுவில், ஆளைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவதற்கென்றே வைத்திருந்த ஆள் அவன். பன்னிரண்டு வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்தான். பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. மாமியாரே தொலைபேசியில் பேத்தியிடம், "கிரேன் வந்துட்டாரா?" என்றுதான் விசாரிப்பார்.

காலை ஒன்பதரைக்குப் பயிற்சி தொடங்கும். பதினொன்றிலிருந்து ஒத்திகை. மாலை ஆறரைக்குக் காட்சி. சனிக்கிழமை இரண்டு, மற்ற நாள்களில் ஒன்று, ஆக வாரத்துக்கு ஏழு. திங்கட்கிழமை விடுமுறை என்று பெயர்; அன்று அவரவர் வீட்டில் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கிடப்பார்கள். அரங்கத்துக்கு வருகிறவர்கள் பட்டும் வெளிச்சமும் பார்ப்பார்கள். ஒத்திகைக் கூடத்தை அவர்கள் பார்த்ததில்லை. அது ஒரு காலத்தில் சாமான் கிடங்காக இருந்த இடம். சிமெண்ட் தரை, அதன் மேல் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு ரப்பர் விரிப்பு. குதித்து இறங்கும்போது அந்தத் தரை கொஞ்சமும் வாங்கிக்கொள்ளாது, வந்ததை அப்படியே முழங்காலுக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஒவ்வொருவர் பையிலும் உடுப்புக்கு இடம் இருக்கிறதோ இல்லையோ, கட்டுத்துணியும் களிம்பும் வலி மாத்திரை அட்டையும் இருக்கும். பதினாறு பெண்களையும் வரிசையாக நிற்கவைத்து எண்ணினாலும் உருப்படியான கால் நகம் இருபது தேறாது என்று பெரியக்கா சொல்லிச் சிரிப்பாள். பெரியக்காதான் குழுவில் மூத்தவள், நாற்பத்தொன்று. சிரித்துக்கொண்டே கணுக்காலைத் தடவிக்கொள்வாள்.

நிகழ்ச்சியின் முதல் பாதி ஒரு தூக்கலில் முடியும். இறகு என்று எல்லோரும் கூப்பிடும் பெண், மேடையின் மறுகோடியிலிருந்து ஒன்பது எட்டு எடுத்துவைத்து ஓடி வந்து எம்புவாள். கிரேன் அவளை இடுப்பில் ஏந்தி மேலே கொண்டுபோய், இடது கையை விட்டுவிடுவான். அதற்குப் பிறகு அவன் வலது உள்ளங்கை மட்டும்தான். அதன் மேல் அவள் மல்லாந்து, கைகால்களை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். எட்டு எண்ணும்வரை அப்படியே நிற்கவேண்டும். எட்டில் திரை விழும். அரங்கத்து வாசலில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் அந்தக் காட்சிதான். அதில் கிரேனின் முகம் இருட்டில் போய்விட்டது, கை மட்டும் தெரியும்.

அந்தக் கைதான் கெட்டுப்போயிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால், சனிக்கிழமை இரண்டாவது காட்சியில், ஐந்து எண்ணும்போது தோளுக்குள் ஈரத்துணி கிழிவதுபோல ஏதோ விட்டது. பல்லைக் கடித்து எட்டுவரை நின்றான். மறுநாள் சட்டை போடக் கை ஏறவில்லை. அடுத்த வாரம் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன.

யாரிடமும் சொல்லவில்லை. தொடர்ந்து மூன்று காட்சிக்கு வராதவர் இடம் பதிலாளுக்குப் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவனுக்குப் பதிலாள் ஒட்டகம். இருபத்தைந்து வயது, அவனைவிட ஒரு சாண் உயரம், எந்நேரமும் கையில் ஒரு வாழைப்பழம். கெட்டவனாக இருந்தால்கூடத் தேவலை, மனதாரத் திட்டலாம். "அண்ணா, தண்ணி வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பான்.

கிரேன் இரண்டு தெரு தள்ளி, தெரியாத மருத்துவர் ஒருவரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டான். "என்ன வேலை பண்றீங்க?" என்று அவர் கேட்டார்.

"ஆபீஸ்ல. உட்கார்ற வேலைதான்."

"அப்ப சரி. இது வலியைத்தான் மறைக்கும், உள்ள இருக்கறது ஆறாது. கனமா எதையும் தூக்காதீங்க."

தலையாட்டிவிட்டு வந்து அன்று மாலையே ஐம்பது கிலோவைத் தூக்கினான். அப்புறம் இன்னும் இரண்டு தடவை போய் ஊசி போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை ஒத்திகையில் ஊசி கைவிட்டுவிட்டது. இறகு ஓடி வந்தாள், எம்பினாள், மேலே போனாள். நாலு எண்ணும்போது அவனுக்கு விரல்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. முழங்கை மடிந்தது. அவள் தேர்ந்தவள், அந்தரத்திலேயே உடம்பைத் திருப்பிக்கொண்டு கால் ஊன்றப் பார்த்தாள். இடது பாதம் பக்கவாட்டில் மடங்கி இறங்கியது. தரையில் சத்தம் கேட்டுத்தான் எல்லோரும் திரும்பினார்கள்.

நடன மாஸ்டர் அப்போது பின்வரிசைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். கடைசி நொடிதான் அவர் கண்ணில் பட்டது.

"ஏன் சீக்கிரம் இறங்கின?" என்றார் இறகிடம்.

"தெரியல மாஸ்டர். இடுப்பு நழுவுன மாதிரி இருந்துச்சு."

மாஸ்டர் கிரேன் பக்கம் திரும்பினார். "என்ன ஆச்சு?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "சரியாத்தான் பிடிச்சிருந்தேன் மாஸ்டர்" என்று வெளியே வந்துவிட்டது.

"அண்ணா மேல தப்பு இருக்காது மாஸ்டர்," என்றாள் இறகு, கணுக்காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு. "நான்தான் எம்பும்போது கோணலா எம்பிட்டேன்."

அதற்குப் பிறகு கிரேனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்குப் பனிக்கட்டி கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்த கையோடு வெளியே போனான், திரும்பி வந்தான், குடிக்காமலே தண்ணீர்ப் புட்டியை நிரப்பினான், மறுபடி வெளியே போனான். அன்றைய காட்சியில் தூக்கலை எடுத்துவிட்டார்கள். அவன் பக்கவாட்டில் நின்று கையை விரித்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலை, மகள் பள்ளிக்கூடப் பையோடு வந்து, வழக்கம்போலத் தூக்கச் சொன்னாள். இடது கையால் தூக்கி இறக்கிவிட்டான். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதே குழுவின் உடுப்பறையில் தையல்காரி. மகளை அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு அனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"உங்க மேடைச் சட்டையில எப்பவும் வலது பக்கத் தையல்தான் விடும்," என்றாள். "பதினோரு வருஷமா நான்தான் ஒட்டுப் போடறேன். இந்த ஒரு மாசத்துல மூணு தடவை இடது பக்கம் விட்டிருக்கு. வலது கைக்குழியை வேற தளர்த்தித் தரச் சொன்னீங்க. உடம்பு பெருத்துப்போச்சுன்னு சொன்னீங்க."

"பெருத்துத்தான் போச்சு."

"நேத்து அந்தப் பொண்ணு நொண்டிக்கிட்டே என்கிட்ட வந்தா. இடுப்புப் பட்டை வழுக்குதா பாருங்கக்கா, வேற துணியில தைச்சுப் பாக்கலாமான்னு கேட்டா. துணி நல்லாத்தான் இருக்குன்னு அனுப்பிட்டேன். அவ போன பிறகுதான் எனக்குத் தைச்சுக்கிட்டு இருந்த கை நின்னுபோச்சு."

கிரேன் சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தான். கூடம் ஆறடிதான், நடப்பதைவிடத் திரும்புவதே அதிகமாக இருந்தது.

"சொன்னா என் இடம் போயிடும்."

"போகும்."

"என்ன இப்படிச் சொல்ற?"

"போகட்டும்னு சொல்லல. போகும்னுதான் சொல்றேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு தன் இடுப்பு மேல சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கா. அதை நான் பாத்துக்கிட்டு ஊசியில நூல் கோக்க முடியாது."

பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். இருவரும் ஒரே பேருந்தில் போவதுதான் வழக்கம். அன்று அவன் அடுத்த பேருந்தில் போனான்.

ஒத்திகைக் கூடத்தில் பயிற்சி தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதற்குள் இறகு வந்திருந்தாள். கணுக்காலில் கட்டு, கட்டுக்குக் கீழே பாதம் பணியாரம்போல உப்பியிருந்தது. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, ஒன்பது எட்டு ஓடி வந்து கோட்டில் நிற்பதும், திரும்பிப் போய் மறுபடி ஓடி வருவதுமாக இருந்தாள். எதிரே ஒட்டகம் தூக்குகிறவன் நிற்கும் இடத்தில் நின்று, "நேராத்தான் வர்ற, நேராத்தான் வர்ற" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாஸ்டர் சுவரோரம் நாற்காலியில்.

"போதும்," என்றார் மாஸ்டர். "இன்னிக்கு நீ வேணாம். கால் மட்டும்னா கட்டுப் போட்டு ஏத்திடலாம். பயம் வந்துட்டா உடம்பு சொன்ன பேச்சு கேக்காது. வேற பொண்ணைப் பழக்கறேன்."

அவள் முகம் செத்துப்போயிற்று. குழுவில் 'வேற பொண்ணு' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் கதவருகே நின்ற கிரேனைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவை மாஸ்டர். அண்ணா வந்துட்டார். அவரோட பண்ணா எனக்குச் சரியா வந்துடும்."

ஒட்டகம் ஒதுங்கிக்கொண்டான். பாட்டுப் போடுகிறவர் பாட்டைப் போட்டார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கிரேன் போய் அந்த இடத்தில் நின்றான். பன்னிரண்டு வருடப் பழக்கம், பாட்டுக் கேட்டால் கால் தானாகப் போய் நின்றுவிடும். இறகு மறுகோடியில் மூச்சை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வலித்தது அவளுக்கு. ஒவ்வொரு எட்டிலும் உதடு இறுகுவது தெரிந்தது. ஏழாவது எட்டில் கிரேன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம்."

அவளால் நிற்க முடியவில்லை. அவன் நெஞ்சில் வந்து மோதி, தடுமாறி நின்றாள்.

"என் கை போச்சு," என்றான் கிரேன். "ஒரு மாசம் ஆச்சு. நேத்து நீ கோணலா எம்பல. நேராத்தான் வந்த. நான்தான் விட்டேன். விட்டுட்டு, சரியாப் பிடிச்சிருந்தேன்னு சொன்னேன்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ நிறுத்தினார்கள்.

"ஒரு மாசமாவா?" என்றாள் இறகு.

"ஆமா."

"வாரத்துக்கு ஏழு." அவள் மெதுவாகக் கணக்குப் போட்டாள். "இருபத்தெட்டு. இருபத்தெட்டு தடவை நான் கண்ணை மூடிக்கிட்டு மேல படுத்திருக்கேன். தலை கீழ போயிருந்தா?"

அவள் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரிக்கத் தொடங்கினாள். முடிச்சு அவிழவில்லை. ஒட்டகம் குனிந்தான், அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"விடிய விடிய என் இடுப்பைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்," என்றாள் யாரையும் பார்க்காமல்.

மாஸ்டர் உட்கார்ந்தபடியே அரைமணி நேரம் கிழித்தெடுத்தார். கிரேனுக்கு அதில் பாதி காதில் விழவில்லை. அதிசயமாக அவன் கால்கள் அசையாமல் இருந்தன. அந்த நிலை ஐந்து நிமிடம்தான் நீடித்தது.

படம் எடுத்துப் பார்த்ததில் தோளில் இரண்டு தசைநார்கள் கிழிந்திருந்தன. ஊசி போட்டுப் போட்டுத் தூக்கியதில் கிழிசல் நீண்டிருந்தது. அறுவை செய்து தைத்தார்கள். கை பழையபடி மேலே வரும், ஆனால் தலைக்கு மேல் ஆளைத் தூக்குவது இந்தப் பிறவியில் இல்லை என்றார் மருத்துவர். அவன் இடம் ஒட்டகத்துக்குப் போனது. தப்பு அவளுடையதில்லை என்று மாஸ்டர் இடத்தை விட்டுவைத்திருந்ததால், இறகு பதினைந்து நாளில் தேறி, தன் இடத்துக்கே திரும்பினாள். கிரேனைப் பார்க்க வரவில்லை. குழுவில் பாதிப் பேர் வந்தார்கள். பெரியக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துவிட்டுப் போனாள்.

கழுத்தில் தொங்கும் தூளியில் கையைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பது அவனுக்கு வலியைவிடப் பெரிய தண்டனை. அலமாரியை ஒற்றைக் கையால் ஒழித்து அடுக்கினான். அடுக்கியது பிடிக்காமல் மறுபடி ஒழித்தான். மாடிப்படியில் ஏறி இறங்கினான். "ஒண்ணு உக்காருங்க, இல்ல வெளியில போய் நடங்க," என்றாள் மனைவி. "கீழ் வீட்டுக்காரங்க, மேல யாரு குடிவந்திருக்காங்கன்னு கேக்கறாங்க."

ஏழாவது வாரம் இறகிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாளை மூன்று மணிக்குக் கூடத்துக்கு வரவும் என்று ஒரே வரி. நலமா என்றுகூட இல்லை.

போனபோது எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இறகு மனு ஒன்று எழுதி முப்பத்தைந்து பேரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தாள். அடிபட்டேன் என்று சொல்கிறவர் இடத்தை இரண்டு மாதத்துக்குப் பறிக்கக்கூடாது. கூடத்துக்கு மரத்தரை போடவேண்டும். இவ்வளவுதான். குழு மேலாளர் அதைப் படித்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த ஒரு பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

"அடிபட்டா எழுதற புத்தகம் இது. ரெண்டு வருஷமாப் பாருங்க, பக்கமெல்லாம் வெள்ளையா இருக்கு. ரெண்டே ரெண்டு பேரு, இவரும் இந்தப் பொண்ணும். யாருக்கும் ஒண்ணும் இல்லாதபோது எதுக்கு மரத்தரை?"

"சொன்னா இடம் போயிடும்னு நீங்களே எழுதி வச்சா யாரு சார் சொல்லுவா?" என்றாள் இறகு. பிறகு கிரேன் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிநேகம் எதுவும் இல்லை. "எப்படி மறைச்சீங்கன்னு சொல்லுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அவன் நின்றுகொண்டே சொன்னான். ஊசி, ஆபீஸ் வேலை என்று சொன்ன பொய், தளர்த்தச் சொன்ன கைக்குழி, எல்லாம். சொல்லும்போது காது மடல் சுட்டது. அவன் முடித்த பிறகு மேலாளர் பதிவேட்டை மூடப் போனார்.

"எழுதிக்கோங்க," என்றாள் பெரியக்கா. "இடது கணுக்கால். மூணு வருஷம்."

"முழங்கால் சார், வலது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்கு அடிமுதுகு."

"கணைக்கால் எலும்புல கீறல். தெரிஞ்சேதான் ஆடறேன்."

மேலாளருக்கு எழுதக் கை ஓடவில்லை. ஒருவன், "எனக்கு மனசு வலிக்குது, அதை எந்தப் பக்கம் எழுதுவீங்க?" என்றான். சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும் மாஸ்டர் நாற்காலியில் இருந்தபடியே, "ரெண்டு முழங்காலும்," என்றார். "இருபது வருஷமா. ஏன் எப்பவும் உக்காந்துக்கிட்டே திட்டறேன்னு நெனச்சீங்க?"

கடைசியாக ஒட்டகம் எழுந்தான். வழக்கத்துக்கு மாறாகக் கையில் பழம் இல்லை. "போன வாரத்துலேருந்து சார். வலது தோள். கொஞ்சமாத்தான். அஞ்சு எண்ணும்போது மட்டும்."

இறகு அவனை வெறித்துப் பார்த்தாள். "இதை எப்ப சொல்லலாம்னு இருந்த?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிரேன் போய் அவன் தோளைத் தொட்டுப் பார்த்தான், எந்த இடம் என்று கேட்காமலே விரல் அங்கே போனது. "ஊசி போட்டுக்கிட்டியா?" என்றான்.

"இல்லண்ணா. நாளைக்குப் போகலாம்னு இருந்தேன்."

அன்று மாலைக் காட்சியில் தலைக்கு மேல் தூக்கவில்லை. இறகு ஓடி வந்து எம்பியதும் ஒட்டகமும் இன்னொருவனும் ஆளுக்கொரு பக்கம் ஏந்தித் தோளில் வைத்துக்கொண்டார்கள். கைதட்டல் எப்போதும்போலத்தான் இருந்தது என்று மனைவி வந்து சொன்னாள். பக்கத் திரையோரம் நின்று கேட்டாளாம். அந்தக் கைதட்டலுக்காகத்தான் தோளைக் கொடுத்தோம் என்று நினைத்தபோது கிரேனுக்குச் சிரிக்கத் தோன்றியது, சிரிப்பு வரவில்லை. வாசல்வரை போய்விட்டு வந்தான்.

மனுவில் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் என்றது ஒரு மாதமாக நின்றது. கூடத்தில் பாதிக்கு மரத்தரை வந்தது, மீதிக்கு அடுத்த வருடம் என்றார்கள். ஆனால் பயிற்சிக்கு முன்னால் பத்து நிமிடம், யாருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று ஆயிற்று. எழுதும் பொறுப்பை மேலாளர் இறகின் தலையில் கட்டிவிட்டார்.

அடுத்த பருவத்தில் கிரேன் திரும்பிவந்தான், பின்வரிசையில் இடமிருந்து ஐந்தாவது ஆளாக. மாஸ்டரிடம் போய் அவனே கேட்டு வாங்கிய இடம். தூக்கித் தூக்கியே பன்னிரண்டு வருடம் போனதில் காலை வேகமாக வீசி ஆடுவது மறந்திருந்தது. பக்கத்தில் இருபது வயதுப் பிள்ளைகள் காற்றாய்ப் பறந்தார்கள். முதல் வாரம் முழுக்க ஓர் அடி பின்னாலேயே விழுந்தான். இரண்டாம் வாரம் மாஸ்டர் அவனைத் திட்டுவதைக் குறைத்தார்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் இறகு பதிவேட்டோடு வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவன் முன்னால் நின்று, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களுக்கு?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் எடுத்தான். நிறுத்திக்கொண்டான்.

"கெண்டைக்கால்."

"எது?"

"ரெண்டும்."

அவள் எழுதினாள். எழுதி முடித்தும் உடனே நகரவில்லை. "சாயங்காலம் காட்சிக்கு முன்னாடி வெந்நீர்ல வைங்க. ஆடும்போது குதிகாலைக் கீழ விடாமலே ஆடறீங்க, அதான்," என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளிடம் போனாள்.